மின்னட்டையில் (ஃபிளாஷ் கார்டில்) படம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

திசையன்விளை ஆசிரியை:
முதல் வகுப்புக்கு மின்னட்டை தயாரிப்பவர்கள் சொல்லையும் படத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிடுவதை நான் எதிர்க்கிறேன். படம் கண்ணில் பட்டதும் குழந்தை அதன் பெயரைச் சொல்லிவிடுகிறது. எழுத்தைப் பார்ப்பதே இல்லை. சிறிய பனையின் படத்துக்குக் கீழே ‘பனை’ என்று எழுதிக் காட்டினால், எங்கள் தேரிக்காட்டுப் பிள்ளைகள் தயங்காமல் ‘வடலி’ என்பார்கள். முன்பக்கம் சொல் மட்டும் இருக்கட்டும். வாசித்த பிறகு அட்டையைத் திருப்பிப் பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளட்டும்.

மேலப்பாளையம் தந்தை:
டீச்சர், ஐந்து வயதுப் பிள்ளையிடம் வெறும் எழுத்தை நீட்டினால் அது மிரண்டுவிடும். அணில், ஆடு, இலை என்று நாம் எல்லோரும் படத்தோடுதான் படித்தோம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடிகிறதென்றால், அது படம் இருப்பதால்தான்.

திசையன்விளை ஆசிரியை:
அந்தத் தாய்க்கும் நான் சொல்லும் அட்டையே உதவும், ஐயா. சொல் பிள்ளையின் பக்கமும் படம் தாயின் பக்கமும் இருக்குமாறு பிடித்தால், பிள்ளை வாசித்தது சரியா என்பது எழுத்தறியாத தாய்க்கும் தெரிந்துவிடும்.

பத்தமடை ஆசிரியர்:
படத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது எழுத்துகளின் வரிசை. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ‘அரும்பு’ என்னும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைக்கு 247 எழுத்துகளுக்கும் தனித்தனி அட்டை தேவையில்லை. ட, ப, ம, ர ஆகிய நான்கும் ட், ம் என்ற இரு மெய்களும் பழகிவிட்டால் படம், மரம், மடம், பட்டம், பம்பரம் எல்லாவற்றையும் வாசித்துவிடலாம். ‘பம்பரம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு பகரங்களும் இரு விதமாக ஒலிப்பதால், தனி எழுத்தட்டை மட்டும் காட்டி அந்த வேறுபாட்டைப் புரியவைக்க இயலாது. கெ, கே, கை ஆகியவற்றில் குறி இடப்பக்கம் நிற்க, அதன் ஒலியோ மெய்யொலிக்குப் பின்னரே வருகிறது. பிள்ளைகள் அதிகம் தடுமாறும் அந்த இடத்துக்குத்தான் கூடுதல் அட்டைகள் வேண்டும்.

மேலப்பாளையம் தந்தை:
படம் பின்பக்கம் இருப்பதை ஏற்கிறேன். ஆனால் அகர வரிசையைக் கைவிடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை, அண்ணாச்சி. உயிரெழுத்து அறியாத பிள்ளை உயிர்மெய்யை எப்படி விளங்கிக்கொள்ளும்?

பத்தமடை ஆசிரியர்:
அகர வரிசையைப் பாட்டாக முதல் நாளிலிருந்தே பாடட்டும்; நான் தடுக்கவில்லை. வாசிப்பு அட்டை மட்டும் ‘படம்’ என்ற சொல்லில் தொடங்கட்டும். ‘ஔ’ வரும் வரை ஒரு முழுச் சொல்லையும் வாசிக்காமல் பிள்ளையைக் காத்திருக்க வைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.