நங்கூரத்தில் நிற்கும் படகில் விடியும் முன்பே ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது: புதிய பேட்டரி வாங்க வேண்டுமா?

கேள்வி:

வணக்கம். பதினோரு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் நானும் என் மனைவியும் பெரும்பாலும் நங்கூரத்திலேயே வாழ்கிறோம். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி தனி. வீட்டுப் பயன்பாட்டிற்கு 110 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகள் இரண்டு இணையாக உள்ளன. அமரத்தில், அதாவது படகின் பின்பகுதியில், 100 வாட் சோலார் பலகைகள் இரண்டு உள்ளன. காலையில் தண்ணீர் பம்பும் வானிலை கேட்க ரேடியோவும், பகலில் மடிக்கணினியும், மாலையில் அறை விளக்குகளும், இரவு முழுவதும் பாய்மர உச்சியில் நங்கூர விளக்கும் எரிய, ஃபிரிட்ஜ் மட்டும் ஓய்வின்றி ஓடுகிறது. விடியும் முன் அதன் கம்பிரஸர் 'டிக்' என்று ஒலித்துக் கிளம்ப முயன்று, உடனே நின்று, சிவப்பு விளக்கு கண்சிமிட்டத் தொடங்குகிறது. காலையில் ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட்டினால் மீட்டர் விரைவில் 14.4 வோல்ட்டைத் தொட்டுவிடுகிறது. ஆனாலும் அடுத்த இரவு அதே கதைதான். மூன்றாவது பேட்டரி வாங்கினால் தீருமா?

மறுமொழி 1:

நண்பரே, இப்போதைக்குப் பேட்டரிக்காகப் பணம் செலவிட வேண்டாம். சார்ஜ் ஏறும்போது தெரியும் 14.4 வோல்ட், பேட்டரி நிறைந்ததற்கு அடையாளம் அல்ல. ஈய-அமில பேட்டரியின் கடைசி இருபது விழுக்காடு நிறைவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஒரு மணி நேர எஞ்சின் ஓட்டம் அதைத் தொடுவதேயில்லை. வெயில் ஏறுமுன் எல்லாவற்றையும் அணைத்துச் சிறிது நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஏறத்தாழ 12.7 இருந்தால் நிறைவு, 12.2 இருந்தால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும்.

பிறகு கம்பிரஸர் கிளம்பும் தருணத்தில் பேட்டரி முனையிலும் ஃபிரிட்ஜ் முனையிலும் அளந்து ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் கம்பியோ, பச்சை பூத்த இணைப்போதான் காரணம். உச்சி வெயிலில் பலகைகளிலிருந்து எத்தனை ஆம்பியர் வருகிறது என்பதையும், நங்கூர விளக்கு எந்த வகை பல்ப் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:

விடியலில் ஓய்வு நிலையில் 11.9 வோல்ட். இரு முனைகளுக்கும் இடையே 0.2 வோல்ட்தான் வித்தியாசம். விளக்கில் இருப்பது 25 வாட் இழை பல்ப். நண்பகலில் பலகைகள் தருவது நான்கு ஆம்பியருக்கும் குறைவு. பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கட்டையின் நிழல் இரண்டு பலகைகளின் மீதும் குறுக்கே விழுகிறது.

மறுமொழி 1:

அப்படியானால் கணக்கு தானே பேசுகிறது. ஃபிரிட்ஜ் நான்கைந்து ஆம்பியர் இழுத்து, பாதி நேரம் ஓடினாலே நாளொன்றுக்கு 50 முதல் 60 ஆம்பியர்-மணி தின்றுவிடும். அந்த பல்ப் இரண்டு ஆம்பியர் வீதம் பன்னிரண்டு மணி நேரத்தில் இன்னும் 25 ஆம்பியர்-மணி குடிக்கும். நிழலில்லாத 200 வாட் பலகைகள் தெளிவான நாளில் 60 அளவுக்குத் தரக்கூடும். உங்களுடையவை அதில் பாதியைக்கூடத் தராது, ஏனெனில் பலகையின் செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு கோடு நிழல்கூட மொத்த மின்னோட்டத்தையும் நெரித்துவிடும். நங்கூரத்தில் நிற்கும் படகின் அணியம், அதாவது முன்பகுதி, காற்றை நோக்கியே திரும்பும். சூரியனை நோக்கி நம்மால் திருப்ப முடியாது. எனவே கிடைக்கட்டையைக் கயிறு கட்டிப் பக்கவாட்டில் இழுத்து வையுங்கள். காலையில் ஒரு பக்கம், மதியத்திற்குப் பின் மறுபக்கம்.

மறுமொழி 2:

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று சிலர் நங்கூர விளக்கையே அணைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 30ஆம் விதி, இந்த அளவுப் படகு நங்கூரத்தில் நிற்கும்போது எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கைக் காட்ட வேண்டும் என்கிறது; அது இரண்டு கடல் மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும். தோட்டத்து சோலார் விளக்கைத் தொங்கவிடுவது அதற்கு ஈடாகாது. எல்.இ.டி. பல்ப் பொருத்தினால் இரண்டு மூன்று வாட்டில் வேலை முடியும். மலிவான எல்.இ.டி.க்கள் உச்சியிலுள்ள வி.எச்.எஃப். (படகு ரேடியோ) ஆன்டெனாவுக்கு இரைச்சல் ஊட்டும் என்பதால், விளக்கை எரியவிட்டும் அணைத்தும் ரேடியோவைக் கேட்டுப் பார்த்த பிறகே நிரந்தரமாகப் பொருத்துங்கள்.

கம்பிரஸர் இருக்கும் அறைக்குள் வெப்பம் தேங்குகிறதா என்றும் பாருங்கள். அதைச் சுற்றிப் பைகளைத் திணித்து வைப்பது படகுகளில் வழக்கம்தான். காற்று போக வழியில்லையென்றால் பாதி நேரம் ஓட வேண்டியது முக்கால் நேரம் ஓடும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. கட்டையை ஒதுக்கிக் கட்டியதும் நண்பகலில் ஒன்பது ஆம்பியர் வருகிறது. விளக்கையும் மாற்றியாயிற்று, ரேடியோவில் இரைச்சல் இல்லை. விடியலில் 12.3 வோல்ட் நிற்கிறது. ஃபிரிட்ஜும் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் நாள் முழுவதும் நல்ல வெயில் இருந்தும், மாலையில் ஓய்வு நிலையில் 12.5ஐத் தாண்டவில்லை. இது தேய்மானமா?

மறுமொழி 1:

நீண்ட நாள் பாதி நிறைவிலேயே கிடந்ததால் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் உப்பு படிந்து, அது கொள்ளும் மின்சாரம் குறைந்திருக்கலாம். கரை மின்சாரம் கிடைக்கும்போது ஓர் இரவு முழுவதும் சார்ஜரில் வைத்து, இரு பேட்டரிகளையும் பிரித்து, மறுநாள் தனித்தனியே அளந்து பாருங்கள். மூடி திறக்கும் வகையென்றால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் சோதியுங்கள். நிறைந்த செல் 1.265ஐ ஒட்டிக் காட்டும். ஒரு செல் மட்டும் வெகுவாகக் கீழே நின்றால் அந்த பேட்டரி மற்றதையும் இழுத்துக் கெடுக்கும். பழுதானதைக் கழற்றிவிட்டு, செலவைக் குறைத்துக்கொண்டு, புதிய ஜோடி வாங்கும் வரை ஒன்றை மட்டும் வைத்து ஓட்டலாம்.