ட்ரோஃபாலாக்சிஸ்: 'வாயூட்டு' போதாது, 'பகிர்ந்தூட்டல்' எனலாமா?

வணக்கம்.

கரையான், எறும்பு, தேனீ போன்ற கூட்டமாக வாழும் பூச்சிகள் உணவை ஒன்றுக்கொன்று ஊட்டிப் பகிர்வதை ஆங்கிலத்தில் ட்ரோஃபாலாக்சிஸ் (trophallaxis) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'வாயூட்டு' எனலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். சின்னச் சொல், நாவில் எளிதாக வருகிறது. ஆனால் கரையானுக்கு அது பாதிதான் பொருந்தும்.

சுவரில் ஏறியிருக்கும் கரையான் மண்ணைக் கொஞ்சம் பெயர்த்துப் பாருங்கள். வெளுத்த வேலைக்காரக் கரையான்கள் சிதறி ஓடும். பழுப்புத் தலையும் நீண்ட தாடையுமாகக் காவல் கரையான்கள் சில உடைந்த இடத்துக்கு வந்து நிற்கும். அந்தத் தாடையால் கடிக்கலாம், மரத்தை அரைத்துத் தின்ன முடியாது. வேலைக்காரக் கரையான்தான் அதற்கு வாயோடு வாய் வைத்து ஊட்ட வேண்டும். அரசிக்கும் அப்படித்தான். இதுவரை 'வாயூட்டு' சரி.

காப்டோடெர்மெஸ், ஹெட்டெரோடெர்மெஸ் போன்ற நிலத்தடிக் கரையான்களில் இன்னொரு வழியும் உண்டு. மரத்தைச் செரிக்க அவற்றின் பின்குடலில் வாழும் ஒருசெல் உயிரிகள் துணை செய்கின்றன. தோலுரிக்கும்போது பின்குடலின் உள்தோலும் கழன்றுவிடும். அந்த உயிரிகளும் போய்விடும். திரும்பப் பெற வேண்டுமானால் கூட்டில் இருக்கும் இன்னொரு கரையானின் குதத்திலிருந்து வரும் நீர்மத்தை உறிஞ்ச வேண்டும். அது மலம் அல்ல, நுண்ணுயிரிகள் நிறைந்த உணவு. புதிதாகப் பொரிந்த குஞ்சுக்கும் அவை இப்படித்தான் கிடைக்கின்றன. தனித்துவிடப்பட்ட கரையான் பிழைக்க முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதை வெளியே நிறுத்தும் சொல் நமக்கு வேண்டாம்.

'ஊட்டப் பரிமாற்றம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1918இல் பூச்சியியலாளர் வில்லியம் மார்ட்டன் வீலர் ஆக்கிய ட்ரோஃபாலாக்சிஸ் என்ற மூலச்சொல்லுக்கு அது நெருக்கம்தான். ஆனால் தமிழில் ஊட்டம் என்றால் சத்து. வேருக்கும் பூஞ்சைக்கும் இடையே நடப்பதும் ஊட்டப் பரிமாற்றம்தானே?

என் பரிந்துரை 'பகிர்ந்தூட்டல்'. எந்த வழி என்று சொல்லாததால் இரண்டுக்கும் இடம் தருகிறது: வாய்வழிப் பகிர்ந்தூட்டல், குதவழிப் பகிர்ந்தூட்டல். வாக்கியத்திலும் உட்காருகிறது: "ஹெக்சாஃப்ளூமியூரான் என்ற கரையான்கொல்லி மருந்து கலந்த இரையைத் தின்ற கரையான் உடனே சாவதில்லை, பகிர்ந்தூட்டலால் மருந்து கூட்டம் முழுக்கப் பரவுகிறது."

'குதவழி' கூச்சமாகப் பட்டால் 'பின்குடல்வழி' எனலாம். எனக்கு முன்னதில் தயக்கம் இல்லை; மருத்துவத் தமிழில் குதம் ஏற்கெனவே புழங்குகிறது. எறும்பு, தேனீ பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் கட்டுரைகளில் போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.