ஓஆர்எம் சோதனையில் வினவல்களைப் பிடித்துப் பார்ப்பது: சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தின் சோதனைக் கையேட்டு மொழிபெயர்ப்பை வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். நிரலின் பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைப்பது அதன் ஓஆர்எம்; அது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு வினவல் (குவரி). 20 நூல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயரையும் காட்டினால் 1 வினவல் 21 ஆகிறது. ஆசிரியரையும் சேர்த்தே எடுக்கும் செலக்ட்_ரிலேட்டட் சேர்த்தால் மறுபடி 1. வினவல்களின் எண்ணிக்கை சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்கும் அசர்ட்நம்குவரீஸ் செயற்கூறு இதைக் காவல் காக்கிறது. இந்தச் சோதனைக்கு ‘வினவல் எண்ணிக்கைச் சரிபார்ப்பு’ என்ற சொல் பொருந்துமா?

மறுமொழி
எண்ணிக்கை மட்டும் போதாது. தேவையான வினவல் ஒன்று போய் வேண்டாத ஒன்று வந்தாலும் எண் மாறாது, சோதனை தேறிவிடும். ஓடிய வினவல்களைப் பிடித்துவைக்கும் கேப்சர்குவரீஸ்கான்டெக்ஸ்ட், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் அவற்றின் வரிகளையே தருகிறது. ‘வினவல் ஒற்று’ என்போம். ஒற்றன் கொண்டுவந்ததையும் வேறோர் ஒற்றனால் ஒற்றிக்கொள்ளச் சொல்கிறது 588ஆம் குறள். எண்ணையும் பார், வரியையும் பார் என்பதும் அதுதானே!

மறுமொழி
ஐயா, மாணவருக்கு ஒற்று என்றால் மெய்யெழுத்து. ‘ஒற்று மிகும் இடங்கள்’ பாடம்தான் நினைவுக்கு வரும். தவிர, அழைப்புகளைப் பதிவுசெய்யும் ஸ்பை (ஒற்றன்) என்ற சோதனைக் கருவி தனியே இருக்கிறது. அதற்கு அச்சொல்லை விட்டுவைப்போம். ‘வினவல் தணிக்கை’ எளிது.

மறுமொழி
‘வினவல்’ என்பதிலேயே எனக்கு உறுத்தல். அல் ஈறு எதிர்மறை வியங்கோளுக்கும் வரும். 196ஆம் குறளின் ‘மகன்எனல்’ மகன் என்று சொல்லாதே எனப் பொருள்படுகிறது. அப்படியானால் வினவல், வினவாதே! ‘வினவுகை’ என்றால் ஐயமில்லை.

மறுமொழி
நிலைத்துவிட்ட சொல்லைக் கலைக்க வேண்டாம். எந்தச் சொல் வைத்தாலும் எது எண்ணப்படுகிறது என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். அட்டாமிக் தொகுதி (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் பகுதி) டெஸ்ட்கேஸ் என்ற சோதனை வகுப்புக்குள் ஓடும்போது, திரும்பிச் செல்லும் இடத்தைக் குறிக்கும் சேவ்பாயின்ட் வரிகளும் கணக்கில் சேரும். குவரிசெட் (ஓஆர்எம் உருவாக்கும் வினவல் பொருள்) அதன் தரவைக் கேட்கும்வரை ஓடாது. எண்ணிக்கை நடக்கும் வித் தொகுதிக்குள் அதை லிஸ்ட் (பட்டியல்) ஆக்குவதுபோல் ஓடவைக்காவிட்டால் 0தான் வரும். மாதிரிகளின் (மாடல்) விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் கன்டென்ட்டைப் இடைமாற்றகம் (கேஷ்) இன்னொரு தொல்லை: சோதனையைத் தனியே ஓட்டினால் ஓர் எண், மற்றவற்றோடு ஓட்டினால் ஒன்று குறையும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஓடும் செட்அப்பில், அதைத் துடைக்கும் கிளியர்_கேஷ் அழைத்தால் எண் நிலைக்கும். என் வாக்கு தணிக்கைக்கு.

மறுமொழி
நன்றி. தலைப்பில் ‘வினவல் தணிக்கை’, செயற்கூற்றின் விளக்கத்தில் ‘எண்ணிக்கைச் சரிபார்ப்பு’ என்று அனுப்புகிறேன்.

மறுமொழி
அனுப்புங்கள். ஆனால் தணிக்கை எல்லாம் முடிந்தபின் ஏட்டைப் புரட்டுவது. இதுவோ ஓடும்போதே உடனிருந்து கேட்பது. ஒற்றுதான் சரி. அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.