ஏசி காற்று பாதி வழியில் குறைந்துவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் கார், சாதாரண மேனுவல் ஏசி. மதுரையில் கிளம்பும்போது காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. திருச்சி ரோட்டில் முக்கால் மணி நேரம் ஓடியதும் மெல்லக் குறைந்து, கடைசியில் மூச்சு விடுகிற மாதிரிதான் வருகிறது. புளோயர் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏசி பட்டனை அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் பழைய வேகம் வந்துவிடும். அப்போது வண்டிக்குக் கீழே தண்ணீர் கொட்டுகிறது.

கேபின் ஃபில்டர் புதிது. நான்கு ஸ்பீடும் வேலை செய்வதால் ஃபேன் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டர் மேல் சந்தேகமில்லை. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டர் காயிலில் ஐஸ் கட்டிக் காற்றை அடைக்கிறது என்றே தோன்றுகிறது. காயிலின் குளிரை அளந்து, ஐஸ் கட்டும் முன் கம்ப்ரஸரை நிறுத்தவைக்க வேண்டியது தெர்மிஸ்டர் என்கிற சென்சார்தானே? மெக்கானிக்கோ கேஸ் கம்மி என்கிறார், அப்புறம் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்கிறார். பதினைந்து வருட பிளாஸ்டிக், கழற்றினால் கிளிப் ஒன்றும் மிஞ்சாது!

டேஷ்போர்டைத் தொடாமல் தெர்மிஸ்டரை மட்டும் மல்டிமீட்டரில் சோதித்தவர்கள் இருக்கிறீர்களா? கேஸ் குறைந்தாலும் இப்படி ஐஸ் கட்டுமா? எதை முதலில் பார்க்கட்டும்?