ஜனவரியில் காசி, பிரயாகை, கயா: ஆளுக்கு ஒரே பையோடு போய்வர முடியுமா?

பொடிநடை கேட்கிறார்:

வருகிற ஜனவரியில் நானும் என் மனைவியும் காசி, பிரயாகை, கயா ஆகிய மூன்று ஊர்களுக்கும் பன்னிரண்டு நாள் பயணமாக ரயிலில் செல்லவிருக்கிறோம். எனக்கு வயது 64. அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே பயணத்தை இரண்டு பெரிய சக்கரப் பெட்டிகளோடு மேற்கொண்டோம். மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம் என்பதால் ரயிலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. காசியில் ஆட்டோக்காரர் பெரிய சாலையிலேயே இறக்கிவிட்டுப் போன பிறகுதான் வினை தொடங்கியது. அனுமான் காட் சந்துகளில் பாவிய கற்களுக்கு இடையே சக்கரம் மாட்டிக்கொள்ள, எதிரே மாடு நிற்க, ஒரு பெட்டியைத் தலையிலும் மற்றொன்றைக் கையிலுமாகச் சுமந்து விடுதி போய்ச் சேர்ந்தேன். ஊர் திரும்பிப் பெட்டியைத் திறந்தால், பாதித் துணி மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. இம்முறை ஆளுக்கு எட்டு கிலோவுக்கு மிகாமல் ஒரே பையாகக் கொண்டுபோக விரும்புகிறோம். குளிருக்கும் கயா சிராத்தத்துக்கும் வேண்டியவை குறையாமல் இது சாத்தியமா?

ஈரிழைத்துண்டு எழுதுகிறார்:

தாராளமாகச் சாத்தியம், ஐயா. ஆனால் “மூன்று செட் போதும், தினமும் துவைத்துக்கொள்ளலாம்” என்று பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனையை ஜனவரிக் காசியில் அப்படியே நம்பிவிடாதீர்கள். மூடுபனி விலகாத நாள்களில் கொடியில் போட்ட கனத்த துணி மறுநாள் மாலையிலும் ஈரமாகவே இருக்கும். எனவே உலரும் வேகத்தைப் பார்த்துத் துணிகளைத் தேர்ந்தெடுங்கள். டர்க்கித் துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கங்கையில் குளித்துவிட்டுப் பிழிந்து உதறினால், மின்விசிறிக் காற்றில் இரவுக்குள் உலர்ந்துவிடும். அம்மாவுக்குக் கனத்த பருத்திப் புடவையைவிட மெல்லிய சின்னாளபட்டிச் சுங்குடி வசதியாக இருக்கும். சிராத்தத்துக்கு ஒரு பஞ்சகச்ச வேட்டியும் மேல்துண்டும் தனியாக இருக்கட்டும். எள், தர்ப்பை முதலியவற்றைப் பெரும்பாலும் அங்குள்ள வாத்தியாரே (புரோகிதர்) ஏற்பாடு செய்துவிடுவார் என்பதால், கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் ஒரு பொட்டலம் மிச்சமாகும்.

குளிருக்கு ஒரே தடித்த கோட்டுக்குப் பதிலாக, உள்ளே தெர்மல், அதன்மேல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர் என்று அடுக்கி உடுத்துங்கள். ஒரு சால்வையும் குரங்குக் குல்லாயும் போதும். (குல்லாய் அழகாக இராதுதான். விடியற்காலைப் படகில் அமர்ந்திருக்கும்போது அழகை யாரும் பார்ப்பதில்லை.) ஏ.சி. வகுப்பில் போர்வை, விரிப்பு, தலையணை தருகிறார்கள் என்பதால் அவற்றைச் சுமக்க வேண்டாம். கங்கா காவேரி ரயிலில் போவதாக இருந்தால் ஸ்வெட்டரைப் பையின் மேலாக வையுங்கள். இட்டார்சி தாண்டியதும் தேவைப்படும்.

கமண்டலம் எழுதுகிறார்:

மேலே எழுதியவரோடு ஓரளவுதான் உடன்படுகிறேன். துணி அவ்வளவு பெரிய சுமையே அல்ல. கடந்த முறை நாங்கள் கிளம்பும்போது எடை போட்டுப் பார்த்தேன். இருவர் துணியும் சேர்ந்து ஏழு கிலோ, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, முறுக்கு, எவர்சில்வர் அடுக்கு எல்லாம் சேர்ந்து ஆறு கிலோ! கோதௌலியா அருகே நகரத்தார் சத்திரம் இருக்கிறது, அனுமான் காட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. நம்மூர்ச் சாப்பாட்டுக்கு அங்கே பஞ்சமில்லை. ரயிலுக்கு இரண்டு வேளை கட்டுச்சோறு போதும், அதையும் வாழையிலையில் கட்டினால் திரும்பக் கொண்டுவரப் பாத்திரம் இராது.

இன்னொரு சுமை திரும்பும்போது ஏறுவது. உறவினர் அனைவருக்கும் கங்கைச் சொம்பு வாங்கப் புறப்பட்டால் எட்டு கிலோ பதினைந்து கிலோவாகிவிடும். 2016 முதல் அஞ்சலகங்களிலேயே கங்கை நீர் விற்கிறார்கள். மிக நெருங்கியவர்களுக்கு மட்டும் சொம்பு வாங்கி, மற்றவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லிவிடுங்கள். பித்தளைச் சாமான்கள் வாங்கினால் அங்கிருந்தே பார்சலில் அனுப்பிவிடலாம். கயாவில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வருவது வழக்கம். எங்கள் வீட்டில் பாகற்காயை விட்டார்கள், முறுக்கு டப்பாவை விட மனம் வரவில்லை.

தாமிரபரணி எழுதுகிறார்:

இரண்டு சிறு குறிப்புகள். பனிமூட்டத்தால் வடக்கே ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது ஜனவரியில் சாதாரணம். எனவே மாத்திரைகளைப் பன்னிரண்டு நாளுக்கு அல்லாமல் பதினைந்து நாளுக்கு, அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். எடையைக் குறைக்கக் கூடாத இடம் அது ஒன்றுதான். மேலும், விசுவநாதர் கோயிலுக்குள் கைபேசியையும் பையையும் அனுமதிப்பதில்லை. அதற்கென்று அழகான தோள்பை வாங்காமல், பணத்துக்கு இடுப்பில் செருகும் சுருக்குப் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொடிநடை எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று ஒத்திகையாகப் பைகளைக் கட்டி, தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். என் பை 7.4 கிலோ, அவருடையது 8.9 கிலோ. அதிகப்படியான 900 கிராம் என்னவென்று பிரித்துப் பார்த்ததில், ஸ்வெட்டருக்குள் சுற்றிய புளிக்காய்ச்சல் பாட்டில் அகப்பட்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் அது என் பைக்கு மாறியிருக்கிறது.