ஜாஸ் கேட்கிறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம். சாக்ஸபோன் வாசிக்கிற ஜான் கோல்ட்ரேனும் பாடகர் ஜானி ஹார்ட்மனும் சேர்ந்து 1963-ல போட்ட ஆல்பத்தை ஒரு மாசமா தினமும் ராத்திரி கேட்கிறேன். ஆறே பாட்டு, அரை மணி நேரம். ஹார்ட்மன் பாடி நிறுத்தின இடத்துல சாக்ஸபோன் மெல்ல நுழையும்போது, அதே குரல்தான் தொடருதோன்னு தோணும். பாட்டும் சாக்ஸபோனும் இப்படி ஒண்ணை ஒண்ணு அமுக்காத ஆல்பம் வேற எது இருக்கு?

இன்னொண்ணு. பிக் பேண்டுக்கு, அதாவது நிறைய ஊதுகருவிகளோட வாசிக்கிற பெரிய ஜாஸ் குழு இசைக்கு, டியூக் எலிங்டனோட நியூபோர்ட் 1956 ஆல்பம் வாங்கணும். அவர் குழுவோட சாக்ஸ் கலைஞர் பால் கோன்சால்வஸ் ஒரே தனி வாசிப்பா 27 சுற்று விடாம வாசிச்ச கச்சேரி. கோன்சால்வஸ் ரெக்கார்ட் கம்பெனி மைக்கை விட்டுட்டு வானொலிக்காரங்க மைக்கைப் பார்த்து வாசிச்சதால பழைய எல்பியில சாக்ஸ் தள்ளித்தான் கேட்குது. 1999 பதிப்புல அந்த வானொலி டேப்பையும் சேர்த்துச் சரி பண்ணியிருக்காங்க. ரெண்டையும் கேட்டவங்க, எதை வாங்கலாம்னு சொல்லுங்களேன். இன்னொரு பிக் பேண்டு தலைவரான கவுன்ட் பேஸியை எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கலாம்னும் சொன்னா பெரிய உதவி.