சின்னத் தளத்துக்குக் கோப்பு போதுமா, எஸ்கியூலைட் வேண்டுமா?

வைகைக்கரை:
ஒரு கபடிக் கழகத்துக்குப் பதிவுப் படிவம் செய்துகொண்டிருக்கிறேன். பெயர், வயது, போன் நம்பர், அவ்வளவுதான். பிஎச்பியில் எழுதியாயிற்று. பதிவுகள் எல்லாம் ஒரே ஜேசான் (தரவை வெறும் எழுத்தாக வைக்கும் வடிவம்) கோப்பில் போகின்றன. ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் போட்டுப் படிக்கிறேன், பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கிறேன், ஃபைல்_புட்_கன்டென்ட்ஸ் போட்டுத் திரும்ப எழுதுகிறேன். கூட வேலை பார்ப்பவர், எஸ்கியூலைட் மாதிரி ஒரு தரவுத்தளம் இல்லாமல் முடியவே முடியாது என்கிறார். என் கட்சி வேறு. மொத்தமே சில நூறு பெயர் வரும் இடத்தில் தரவுத்தளம் எதற்கு? கோப்பு என்றால் திறந்து கண்ணால் பார்க்கலாம், நகல் எடுக்கலாம், சர்வர் மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

கடைமடை:
மறுக்கிறேன். மொத்தம் எத்தனை பெயர் என்பது முக்கியமே இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பட்டனை அழுத்துவார்கள் என்று பாருங்கள். கோப்பில் 40 பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் ஒன்றாக அழுத்துகிறார்கள். இரண்டு ரிக்வெஸ்ட்டும் அந்த 40 பெயரைப் படித்துக்கொள்கின்றன. முதலாவது, 41 பெயராக எழுதுகிறது. இரண்டாவதும் தன் கையில் இருக்கும் 40 பெயரோடு தன் ஆளைச் சேர்த்து 41 ஆக எழுதுகிறது. முதல் ஆள் காலி. எர்ரர் லாகில் ஒரு வரிகூட இருக்காது. அவருக்குத் திரையில் ‘பதிவாகிவிட்டது’ என்று வந்திருக்கும். போட்டி அன்று பையன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான், பட்டியலில் பெயர் இருக்காது.

வைகைக்கரை:
அதற்குத்தான் லாக்_ஈஎக்ஸ் இருக்கிறதே சார். ஃபைல்_புட்_கன்டென்ட்ஸுக்கு மூன்றாவதாக அதைக் கொடுத்தால் பூட்டிவிட்டுத்தானே எழுதும்?

கடைமடை:
எழுதும் நேரத்தை மட்டும்தான் அது பூட்டும். நீங்கள் படித்தது பூட்டுக்கு வெளியே. நான் சொன்ன கணக்கில் ஒன்றும் மாறாது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. லினக்ஸில் இந்தப் பூட்டு, பூட்டு கேட்டு வருபவரை மட்டும்தான் நிறுத்தும். ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் பூட்டே கேட்பதில்லை, நேரே உள்ளே போய்விடும். எழுதுபவர் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதப்போகும் அந்த இடைவெளியில் ஒருவர் படித்தால் கையில் வருவது வெற்றுச் சரம். ஜேசான்_டீகோட் அதற்கு நல் (ஒன்றுமில்லை) என்று பதில் தரும். நம்மில் பாதிப் பேர் ‘நல் வந்தால் காலிப் பட்டியல் என்று எடுத்துக்கொள்’ என எழுதி வைத்திருக்கிறோம். அப்புறம் அந்தக் காலிப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்துத் திரும்ப எழுதினால்? ஒரு பயிற்சி நிலையத்தின் மாணவர் பட்டியல் இப்படி ஒரே பெயராகச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் பேக்கப் இருந்ததால் அன்றைய பதிவுகளோடு போயிற்று.

பனையோலை:
கடைமடை சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் அது கோப்பின் குற்றம் இல்லை. படிப்பதையும் எழுதுவதையும் ஒரே பூட்டுக்குள் கொண்டுவந்தால் தீர்ந்தது. எஃப்ஓப்பனில் இருப்பதை அழிக்காத ‘சி பிளஸ்’ முறையில் திறங்கள், எஃப்லாக் போட்டுப் பூட்டுங்கள், படியுங்கள், திருத்துங்கள், எஃப்ட்ரங்கேட் செய்து பழையதை அழித்து, தொடக்கத்துக்குப் போய் எழுதுங்கள், எஃப்ஃப்ளஷ் செய்துவிட்டுப் பூட்டை எடுங்கள். ‘டபிள்யூ’ முறையில் திறந்துவிட்டு அப்புறம் பூட்டுவதாக நிறையப் பாடங்களில் இருக்கிறது. அது ஆபத்து. ‘டபிள்யூ’ என்றால் திறந்த கணத்திலேயே கோப்பு காலி, அதற்குப் பிறகு பூட்டி என்ன பயன்? ‘சி’ முறை பிஎச்பி 5.2.6 பதிப்பிலேயே வந்துவிட்டது.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதிக் கோப்பு நிற்கும் என்ற பயம் இருந்தால், அதே ஃபோல்டரில் வேறு பெயரில் முழுசாக எழுதி முடித்துவிட்டு ரீநேம் செய்யுங்கள். லினக்ஸில் ஒரே பைல்சிஸ்டத்துக்குள் ரீநேம் பிரிக்க முடியாத ஒரே செயல். படிப்பவருக்குப் பழைய கோப்பு கிடைக்கும் அல்லது புதியது கிடைக்கும், நடுவில் ஒன்று கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: ரீநேம் செய்யும்போது பூட்டைத் தரவுக் கோப்பின் மேல் போடாதீர்கள். காத்திருப்பவர் பழைய கோப்பைத் திறந்து வைத்திருப்பார், பெயரோ புதியதற்குப் போயிருக்கும். அவர் பூட்டுவது யாரும் பார்க்காத கோப்பை. பூட்டுக்கென்று மாறாத தனிக் கோப்பு ஒன்று வேண்டும்.

வைகைக்கரை:
இதைத்தான் நானும் சொல்கிறேன். பிஎச்பியே தன் செஷன்களை, அதாவது தளத்துக்கு வரும் ஒவ்வொருவரைப் பற்றிய தற்காலிகக் குறிப்பை, கோப்பில்தான் வைக்கிறது, உலகம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

கடைமடை:
ஓடுகிறது, காரணம் பனையோலை சொன்னதேதான். செஷன்_ஸ்டார்ட் அழைத்ததிலிருந்து ஸ்கிரிப்ட் முடியும்வரை அந்தக் கோப்பு பூட்டியே இருக்கும். ஒரே ஆளின் பக்கம் பின்னணியில் அனுப்பும் இரண்டு அஜாக்ஸ் அழைப்பு வரிசையில் நிற்பது அதனால்தான். செஷன்_ரைட்_க்ளோஸ் அழைத்துச் சீக்கிரம் விடச் சொல்வதும் அதனால்தான். உங்கள் கோடில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பனையோலைக்கு ஒன்று. தனிப் பூட்டுக் கோப்பு, தற்காலிகக் கோப்பு, ரீநேம் என்று நீங்கள் கட்டுவது பாதித் தரவுத்தளம். அந்த வேலையை 2000-ல் ரிச்சர்ட் ஹிப் எஸ்கியூலைட் என்று செய்து முடித்துவிட்டார். சர்வர் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது, ஒரே கோப்பு. வைகைக்கரை கேட்டபடி தூக்கிக்கொண்டும் போகலாம். பெரும்பாலான ஹோஸ்டிங்கில் பிஎச்பியின் தரவுத்தள இணைப்பான பிடிஓ வழியாக ஏற்கெனவே இருக்கும். ஒரு இன்சர்ட் வரி எழுதினால் முடிந்தது.

வைகைக்கரை:
சரி, ஜேசான் பட்டியலை விட்டுவிடுகிறேன். ஆனால் கோப்பை விடமாட்டேன். எனக்குத் திருத்தும் வேலையே இல்லை, சேர்க்கும் வேலை மட்டும்தான். ஒரு பதிவுக்கு ஒரு வரி, ஃபைல்_அப்பெண்ட் கொடியோடு லாக்_ஈஎக்ஸ். படிப்பதே இல்லை என்பதால் நீங்கள் சொன்ன 40, 41 சண்டையே வராது. அதுவும் வேண்டாம் என்றால் ஒரு பதிவுக்கு ஒரு தனிக் கோப்பு. மெயில்டிர் என்ற அஞ்சல் சேமிப்பு முறை அப்படித்தானே மின்னஞ்சலை வைக்கிறது? டிஎம்பி ஃபோல்டரில் எழுதி, நியூ ஃபோல்டருக்கு நகர்த்தும், பூட்டே இல்லாமல்.

கடைமடை:
இது நல்ல ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே போன் நம்பரில் இரண்டு முறை பதிந்தால்? தடுக்க வேண்டும் என்று கழகம் கேட்கும். அந்த நிமிடமே நீங்கள் படித்தாக வேண்டும், பழைய சண்டை திரும்பி வரும். எஸ்கியூலைட்டில் போன் நம்பர் பத்திக்கு யூனிக் (ஒன்று இரண்டு முறை வரக்கூடாது) என்று ஒரு சொல் போதும்.

பனையோலை:
அதைக் கோப்பிலும் செய்யலாம் கடைமடை. போன் நம்பரிலிருந்து கணக்கிடும் ஹாஷ் என்ற குறியீட்டையே கோப்பின் பெயராக வைத்து ‘எக்ஸ்’ முறையில் திறந்தால், ஏற்கெனவே அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் திறக்க மறுத்துவிடும். வயது வாரியாகப் பட்டியல் எடுக்க வேண்டும் என்று வரும்போது நானும் எஸ்கியூலைட்டுக்குத்தான் போவேன்.

ஏட்டுச்சுவடி:
நீங்கள் மூவரும் பேசாத ஒன்று. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது? பப்ளிக் ஃபோல்டருக்குள் இருந்தால் முகவரி தெரிந்த யாரும் பிரவுசரிலேயே இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளின் வயதும் போன் நம்பரும் சார் அது. எச்டிஆக்சஸ் என்ற தடுப்புக் கோப்பு போட்டுத் தடுத்தேன் என்று சொல்லாதீர்கள், எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அதைப் பார்ப்பதே இல்லை. வெப் ரூட்டுக்கு வெளியே வையுங்கள். எழுத முடியவில்லை என்று 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுக்காமல், வெப் சர்வர் எந்த யூசரில் ஓடுகிறதோ அவருக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

இன்னொன்று. கழகச் செயலாளர் எக்செலில்தான் திறப்பார். சிஎஸ்வியாகக் கொடுத்தால் தமிழ்ப் பெயர்கள் கண்டமேனிக்குத் தெரியும். யுடிஎஃப்-8 பிஓஎம் என்ற மூன்று பைட்டைக் கோப்பின் தொடக்கத்தில், ஒரே ஒரு முறை, எழுதுங்கள்.

வைகைக்கரை:
வெளியே மாற்றிவிட்டேன், நன்றி. சரி, கடைமடை வழியில் போனால் பேக்கப்? அந்த ஒரு கோப்பைக் காப்பி எடுத்தால் போதும்தானே?

கடைமடை:
எழுத்து நடந்துகொண்டிருக்கும்போது வெறும் காப்பி வேண்டாம். வால் முறை (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் WAL) போட்டிருந்தால் புதுப் பதிவுகள் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கோப்பில் நிற்கலாம், அதை விட்டுவிட்டு எடுத்த காப்பியில் அவை இருக்காது. முழு நகல் எடுக்க வேக்யூம் இன்டூ என்று ஒரு கட்டளை எஸ்கியூலைட் 3.27 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதை ராத்திரி தானாக ஓடும்படி கிரானில் போடுங்கள்.